எல்லா டோஸும் போட்டாச்சு, போலியோ முகாமுக்கும் போகணுமா?

ஈரோடு அம்மா:
பையனுக்கு ஒன்றரை வயசுங்க. பொறந்தப்ப விட்ட சொட்டு மருந்துல இருந்து ஒன்பதாம் மாச ஊசி வரைக்கும் எல்லாம் அட்டையில இருக்கு. ஞாயித்துக்கிழமை முகாமுக்கு வரச் சொல்லி அங்கன்வாடி அக்கா சொல்லிட்டுப் போனாங்க. "இந்தியாவுலதான் போலியோவே இல்லையே, மறுபடி எதுக்கு?"ன்னு வீட்டுக்காரர் கேக்கறார். குழந்தைக்கு லேசா சளி வேற.

நர்ஸம்மா:
சளி இருந்தா பரவால்ல, கூட்டிட்டுப் போங்க. விட்டதும் கக்கிட்டா அங்கேயே சொல்லுங்க, திரும்ப விடுவாங்க. 5 வயசு வரை ஒவ்வொரு முகாமிலும் கொடுக்கலாம்.

காலிப்பர்காரன்:
தங்கச்சி, எனக்கு 52 வயசு. ஒரு வயசுல காய்ச்சல் வந்து, விட்டப்புறம் தூக்கி நிறுத்தினா வலது கால் துவண்டு விழுந்துச்சாம். கிள்ளிப் பார்த்திருக்காங்க, வீல்னு கத்தியிருக்கேன். அதான் போலியோ. உணர்ச்சி அப்படியே இருக்கும், தசையை அசைக்கிற நரம்பு மட்டும் தண்டுவடத்துலயே செத்துப்போகும். செத்த நரம்பு திரும்ப வராது. இன்னிக்கும் அந்தக் கால் சூம்பித்தான் இருக்கு, மத்த காலைவிடக் குட்டையும்கூட. மூச்சுத் தசையைப் பிடிச்சா உயிரே போயிடும்.

கிருமி குடல்ல பெருகி மலத்துல வெளியேறும். கழுவாத கை, கெட்ட தண்ணி வழியா அடுத்த புள்ள வாய்க்குப் போகும். சுமார் 200 புள்ளைக்குத் தொத்தினா ஒண்ணுக்குத்தான் கால் விழும். மத்ததுங்க ஓடியாடிக்கிட்டே பரப்பும். எங்க தெருவுல நான் ஒருத்தன்தான் நொண்டினேன், ஆனா கூட விளையாடினவங்க எத்தனை பேருக்கு வந்து போச்சோ!

இந்தியாவுல கடைசி கேஸ் 2011 ஜனவரியில, மேற்கு வங்கத்து ஹவுராவுல. 2014ல போலியோ இல்லாத நாடுன்னு சான்றிதழும் கிடைச்சுது. ஆனா பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான்ல இன்னும் ஒழியலை. 25 வருஷமா போலியோவே இல்லாத காஸாவுல 2024ல ஒரு பத்து மாசக் குழந்தைக்குக் கால் போச்சு. அந்தச் செய்தி வந்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரலை.

ஈரோடு அம்மா:
அண்ணா, காஸாவுல வந்தது சொட்டு மருந்துக் கிருமின்னு படிச்சேனே?

நர்ஸம்மா:
உண்மைதான். சொட்டு மருந்துல இருக்கறது வலுவிழந்த கிருமி. மருந்தே போடாத குழந்தைங்க நிறைய இருக்கற இடத்துல அது ரொம்ப நாள் சுத்தினா மாறி, பழைய வலுவோட திரும்பிடும். எல்லாக் குழந்தையும் போட்டிருந்தா சுத்த வழியில்லை. போலியோ ஊசி நரம்பைக் காப்பாத்தும், சொட்டு குடல்லயே கிருமியைத் தடுக்கும். அதனாலதான் ரெண்டும்.

ஈரோடு அம்மா:
சரிங்க, ஞாயிறு காலையில போயிடறோம். பக்கத்து லைன் வீட்டுல பீகார்ல இருந்து வந்தவங்க இருக்காங்க, அட்டை எதுவும் இல்லை. அவங்க பாப்பாவுக்கும் விடுவாங்களா?

நர்ஸம்மா:
அட்டையே கேக்க மாட்டாங்க. கையோட கூட்டிட்டுப் போங்க. விட்டுப்போன மத்த ஊசிகளுக்கும் அங்கேயே நர்ஸ்கிட்ட கேட்டு நாள் வாங்கிக் கொடுங்க.