அம்மாவுக்கு கிரியாட்டினின் 1.3, விட்ரலாமா?

கம்பத்துப்பய:
அம்மாவுக்கு 55 வயசு, 42 கிலோதான் இருப்பாங்க, வெடியக்காலைல ஜீப் ஏறி கம்பம்மெட்டு வழியா ஏலத்தோட்ட வேலைக்குப் போய் பொழுது சாயத்தான் திரும்புவாங்க. கால் வீங்குதுன்னு மேல கேரளா பக்கம் ஒரு லேப்ல ரத்தம் குடுத்தோம், கிரியாட்டினின் 1.3. ரிப்போர்ட்ல 0.6 - 1.4னு போட்டுருக்கு, அங்க இருந்த சேச்சியும் குழப்பமில்ல, அதாவது பிரச்சனை இல்லன்னு சொல்லிருச்சு. ஜிம்முக்குப் போற என் சித்தி பையன், 30 வயசு, அவனுக்கும் இதே 1.3தான், ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க. அப்ப அம்மாவுக்கும் விட்ரலாமாண்ணே?

செங்கோட்டை லேப்காரன்:
விட்ராதீங்க தம்பி. நான் டாக்டர் இல்ல, 14 வருசமா ரத்தம் உறிஞ்சுற ஆளு. கிரியாட்டினின் தசையில இருந்து தெனமும் வர்ற கழிவு, கிட்னி அத மூத்திரத்துல தள்ளிவிடும். சித்தி பையனுக்கு தசை ஜாஸ்தி, 1.3 வரத்தான் செய்யும். அம்மா ஒடம்புல ஊறுறதே கொஞ்சம், அதுவே 1.3 வரைக்கும் தேங்குதுன்னா வடிகட்டுறது கொறஞ்சிருக்கலாம். வயசும் ஆணா பெண்ணாங்கிறதும் சேத்து இஜிஎஃப்ஆர், அதாவது கிட்னி எவ்ளோ வடிகட்டுதுங்கிற கணக்கு போடணும், 2021 ஃபார்முலால போட்டேன், அவனுக்கு 76 கிட்ட வருது, அம்மாவுக்கு 49. ஆனா 60க்கு கீழ 3 மாசம் நின்னாத்தான் நாள்பட்ட கிட்னி நோய்ம்பாங்க, ஒரு தாள வச்சு முடிவு கட்டாதீங்க. அடுத்த டெஸ்டுக்கு மொத நா ராத்திரி கறி வேணாம். மூத்திரத்துல ஆல்புமின் கிரியாட்டினின் ரேஷியோ கண்டிப்பா பாருங்க, 30க்கு மேல போனா புரதம் ஒழுகுது. சுகர், பிபியும் பாத்துருங்க. கால் வீக்கத்துக்கு மட்டும் 3 மாசம் காத்திருக்காதீங்க, இப்பவே டாக்டர். ஆமா, மூட்டுவலி மாத்திரை ஏதும் போடுறாங்களா?

வாளையார் மணி:
இரும்பன்புளி ஜூஸ் ஒரு மண்டலம் குடுங்க பாஸ், எல்லாம் எறங்கிரும்

குழித்துறை:
மணி, சும்மா இரியும். கொலஸ்ட்ரால் கொறையும்னு அந்த ஜூஸ அடிச்சி கிட்னி போன 10 பேர பத்தி கேரளா டாக்டர்மாரு 2013லயே எழுதிருக்காவ, அதுல 7 பேருக்கு டயாலிசிஸ். அதுல உள்ள ஆக்சலேட் கிட்னிக்குள்ள போயி படியும். மீன் கொழம்புல ரெண்டு போடுகதுக்கும் டம்ளர் டம்ளரா குடிக்கதுக்கும் வித்தியாசம் உண்டு கேட்டீரா.

கம்பத்துப்பய:
லேப் அண்ணே, நீங்க கேட்டப்பறம் அம்மா பைய தொறந்து பாத்தேன். தூக்குவாளிக்கு அடில டைக்ளோபினாக் மூணு அட்டை, ஒண்ணுல ரெண்டே ரெண்டு மிச்சம். முட்டிவலிக்காம், காலைல ஒண்ணு ராத்திரி ஒண்ணு, ரெண்டு வருசமா மெடிக்கல்ல அட்டையக் காட்டி வாங்கிருக்காங்க. தோட்டத்துல ஒதுங்க எடமில்லன்னு பகல்ல தண்ணியே குடிக்கிறதில்லையாம்.

செங்கோட்டை லேப்காரன்:
அட கடவுளே. அந்த மாத்திரை கிட்னிக்குப் போற ரத்தக்குழாய சுருக்கும், தண்ணியும் இல்லாத ஒடம்புன்னா அடி ரெண்டு மடங்கு. இன்னைக்கே நிறுத்தச் சொல்லுங்க, அட்டைய டாக்டர்ட்ட காட்டுங்க. நிறுத்தினா நம்பர் எறங்கவும் செய்யலாம்.

கம்பத்துப்பய:
நாளைக்கு தேனி ஜிஹெச் போறோம்ணே. காய் எடுப்பு நேரம், ஒரு நாள் கூலி போயிரும்னு இப்பவே மொணங்குது.