பழைய சர்வர் இமேஜை வேறு மெஷினில் இறக்கினால் நீலத்திரை: இமேஜ் கெட்டுவிட்டதா?

இரவுப்பணி:

வணக்கம் நண்பர்களே. கணக்கு டேட்டாபேஸ் ஓடிக்கொண்டிருந்த எங்கள் விண்டோஸ் சர்வர் 2016 மெஷினில் மதர்போர்டு போய்விட்டது. நல்லவேளை, முந்தைய இரவு எடுத்த முழு டிஸ்க் இமேஜ் (டிஸ்கின் அப்படியே ஒரு நகல்) கையில் இருக்கிறது. அதே மாடல் இப்போது கிடைக்கவில்லை, அதனால் வேறு கம்பெனி மெஷினில் இறக்கினேன், ரெய்டு கார்டும் (பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றாகக் காட்டும் கார்டு) வேறு. ரிஸ்டோர் பிழையே இல்லாமல் முடிந்தது. ஆன் செய்தால் விண்டோஸ் லோகோ வருகிறது, கீழே புள்ளிகள் இரண்டு சுற்று சுற்றுகின்றன, உடனே நீலத்திரை: இன்அக்சஸிபிள் பூட் டிவைஸ் (பூட் டிஸ்கைத் தொட முடியவில்லை). சேஃப் மோடிலும் அதே கதை. இரண்டாவது முறையும் இறக்கிப் பார்த்தேன், நாலு மணி நேரம் போனதுதான் மிச்சம். பழையது லெகசி பயாஸில் (பழைய பூட் முறை) ஓடியது, புதியதையும் லெகசிக்கு மாற்றிவிட்டேன். இமேஜே கெட்டுப்போயிருக்குமோ என்று பயமாக இருக்கிறது.

பழையரேக்:

இமேஜ் நன்றாகத்தான் இருக்கிறது, தயவுசெய்து மூன்றாவது முறை இறக்காதீர்கள். லோகோ வந்ததே அதற்குச் சாட்சி. விண்டோஸை ஏற்றிவிடும் சின்ன நிரலான பூட் லோடர் டிஸ்கைப் படிப்பது பயாஸ் வழியாக. விண்டோஸின் மையப் பகுதியான கர்னலையும் ஆரம்பத்திலேயே தேவைப்படும் டிரைவர்களையும் மெமரிக்குக் கொண்டுவருவது வரை அதன் வேலை. அதற்கப்புறம் கர்னல் பயாஸைக் கேட்காது, தன் சொந்த டிரைவரை வைத்துத்தான் டிஸ்கைத் தொடும். உங்கள் புள்ளிகள் சுற்றும் அந்த இரண்டு நொடியில் நடப்பது இந்தக் கைமாற்றம்தான். பழைய ரெய்டு கார்டின் டிரைவர் இமேஜில் இருக்கிறது, புதிய கார்டின் டிரைவர் இல்லை. தான் எந்த டிஸ்கிலிருந்து ஏறி வந்ததோ அதே டிஸ்க் விண்டோஸுக்குத் தெரியாமல் போய்விடுகிறது. சேஃப் மோடு உதவாததும் இதனால்தான், இல்லாத டிரைவரை அது எங்கே போய் எடுக்கும்?

வழி: டிரைவரை வெளியிலிருந்து உள்ளே ஏற்றுவது. ரெய்டு கார்டு கம்பெனியின் தளத்தில் சர்வர் 2016-க்கான டிரைவரை எடுங்கள். இன்ஸ்டாலராக வந்தால் பிரித்து, டிரைவர் விவரம் உள்ள ஐஎன்எஃப் கோப்பு இருக்கும் ஃபோல்டரை பென்டிரைவில் போடுங்கள். சர்வர் 2016 இன்ஸ்டால் மீடியாவில் பூட் செய்து, முதல் திரையிலேயே ஷிஃப்ட்டும் எஃப்10-உம் அழுத்தினால் கட்டளை தட்டும் கறுப்புத் திரை வரும். முதலில் டிஆர்விலோடு கட்டளையால் அந்த ஐஎன்எஃப்பை ஏற்றுங்கள், அப்போதுதான் டிஸ்க் கண்ணுக்கே தெரியும். அப்புறம் டிஸ்க்பார்ட் கட்டளையில் வால்யூம் பட்டியலைப் பாருங்கள். இதைத் தாண்டிப் போகாதீர்கள்: இந்தச் சூழலில் விண்டோஸ் இருக்கும் பார்ட்டிஷன் பல நேரம் சி-யாக இருக்காது, சின்ன சிஸ்டம் ரிசர்வ்டு பார்ட்டிஷன் சி-யைப் பிடித்துக்கொண்டு விண்டோஸ் டி-க்குத் தள்ளப்பட்டிருக்கும். நான் ஒருமுறை பார்க்காமல் சி என்று கொடுத்து, வந்த பிழைச் செய்தியை நம்பி டிரைவர்தான் தப்பு என்று அரை நாள் தேடியிருக்கிறேன். சரியான எழுத்தைத் தெரிந்துகொண்டு, டிஐஎஸ்எம் கட்டளையில் (ஓடாத விண்டோஸுக்குள் டிரைவர் சேர்ப்பது) அந்த எழுத்தை இமேஜ் என்றும், ஆட் டிரைவர் சேர்த்து பென்டிரைவ் ஃபோல்டரை டிரைவர் என்றும் கொடுங்கள், ரிகர்ஸ் சேர்த்தால் உள்ளே உள்ள எல்லா ஃபோல்டரையும் அதுவே பார்க்கும். வெற்றி என்று வந்ததும் மீடியாவைக் கழற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். முதல் பூட் நேரமெடுக்கும், புது ஹார்டுவேரை ஒவ்வொன்றாக அடையாளம் காணும். பொறுமையாக இருங்கள்.

இன்னொன்று. பழைய டிஸ்க் எம்பிஆர் (பழைய பார்ட்டிஷன் முறை) என்றால் 2 டெராபைட்டுக்கு மேல் அதற்குத் தெரியாது. ரெய்டில் பூட்டுக்கென்று ஒரு சிறிய வால்யூமைத் தனியாக வைத்துக்கொள்வது நல்லது.

கர்னல்வாசி:

லினக்ஸ் சர்வர் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: அங்கேயும் கதை இதேதான், பெயர்தான் வேறு. ரெட்ஹேட் வகையில் இனிட்ராம்எஃப்எஸ் (பூட் ஆகும்போது முதலில் மெமரிக்கு வரும் டிரைவர் தொகுப்பு) உருவாகும்போது அந்த மெஷினுக்கு வேண்டிய டிரைவர்களை மட்டுமே சேர்க்கும், வேறு ஹார்டுவேரில் சிஸ்டம் இருக்கும் ரூட் டிஸ்க் கிடைக்காமல் எமர்ஜென்சி ஷெல்லில் நின்றுவிடும். பூட் லோடரான கிரப்பின் மெனுவில் கடைசியாக ரெஸ்க்யூ என்று ஒரு வரி இருக்கும், பலர் அதைத் தொட்டதே இல்லை. அதில் டிரைவர்கள் எல்லாம் இருக்கும். அதன் வழியாக உள்ளே போய் அந்தத் தொகுப்பை உருவாக்கும் டிராகட்டை நோ ஹோஸ்ட்ஒன்லி (எல்லா டிரைவர்களோடும்) என்று ஓட்டினால் முடிந்தது. டெபியன் வகையில் இயல்பாகவே பெரும்பாலான டிரைவர்களும் சேர்ந்திருக்கும், அங்கே மாட்டுவது நெட்வொர்க்கில்: கார்டு வேறு ஸ்லாட்டில் இருப்பதால் இன்டர்ஃபேஸ் பெயர் மாறும், பழைய பெயரில் எழுதிய ஐபி யாருக்கும் போகாது. மெஷின் எழுந்து நிற்கும், தூரத்திலிருந்து உள்ளே போகும் எஸ்எஸ்ஹெச் மட்டும் வராது. எந்த டிஸ்க் எங்கே என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் எஸ்டிஏ என்ற டிஸ்க் பெயரை எழுதியிருந்தால் இமேஜ் எடுக்கும் முன்பே யுயுஐடிக்கு (மாறாத அடையாள எண்) மாற்றுங்கள், என்விஎம்இ டிஸ்கில் அந்தப் பெயரே இருக்காது.

இரவுப்பணி:

பழையரேக் அண்ணே, எழுந்துவிட்டது! நீங்கள் சொன்னது போலவே விண்டோஸ் டி-யில் இருந்தது. டேட்டாபேஸும் வந்துவிட்டது, கடைசி வவுச்சர் வரை சரிபார்த்தேன். ஒரே ஒரு சிக்கல், பழைய நிலையான ஐபியைக் கொடுத்தால் இது ஏற்கெனவே வேறொரு அடாப்டருக்கு உள்ளது என்கிறது. நெட்வொர்க்கில் வேறு யாரிடமும் அந்த ஐபி இல்லை.

பழையரேக்:

ரொம்ப சந்தோஷம். அந்த அடாப்டர் உங்கள் செத்துப்போன மதர்போர்டில் இருந்தது. அதன் பதிவு விண்டோஸுக்குள் இன்னும் ஐபியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் வியூ மெனுவில் ஷோ ஹிட்டன் டிவைசஸ் போடுங்கள், நெட்வொர்க் பகுதியில் மங்கலாகத் தெரியும் பழைய கார்டுகளை நீக்குங்கள். ஐபி விடுபட்டுவிடும்.

டொமைனில் (மெஷின்களையும் பயனர்களையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் ஏற்பாடு) சேர்ந்த மெஷின் என்றால் இன்னொன்றும் பாருங்கள். மெஷின் கணக்கின் பாஸ்வேர்டு வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாறும். பழைய இமேஜாக இருந்தால் பாஸ்வேர்டு பொருந்தாமல் டிரஸ்ட் ரிலேஷன்ஷிப் பிழை வரலாம், உங்களுடையது முந்தைய இரவுடையது என்பதால் பயமில்லை. ஆனால் டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கன்ட்ரோலரை மட்டும் சும்மா நகலெடுத்த பழைய டிஸ்க் இமேஜிலிருந்து இப்படி எழுப்பவே கூடாது. மற்ற கன்ட்ரோலர்கள் ஏற்கெனவே பார்த்துவிட்ட மாற்ற எண்களை அது மறுபடி கொடுக்க ஆரம்பிக்கும், கன்ட்ரோலர்கள் தங்களுக்குள் மாற்றங்களைப் பகிரும் ரெப்ளிகேஷன் நின்றுவிடும். அதற்கு விஎஸ்எஸ் (விண்டோஸின் ஸ்னாப்ஷாட் சேவை) தெரிந்த பேக்கப் வேண்டும், இல்லையென்றால் புதிதாக ஒரு கன்ட்ரோலரைச் சேர்ப்பதே நல்லது.

இரவுப்பணி:

பழைய கார்டு இரண்டு இருந்தன, நீக்கியதும் ஐபி ஏறிவிட்டது. இது டொமைன் கன்ட்ரோலர் இல்லை. எங்களிடம் இன்னும் இரண்டு பழைய சர்வர்கள் ஓடுகின்றன. அவை உயிரோடு இருக்கும்போதே இந்தப் புது ரெய்டு கார்டின் டிரைவரை அவற்றில் ஏற்றி, அதற்குப் பிறகு இமேஜ் எடுத்து, வரும் சனிக்கிழமை ஒரு காலி மெஷினில் இறக்கிப் பார்க்கப் போகிறேன். முடிவை இங்கேயே எழுதுகிறேன்.