[கலைச்சொல்] புடைப்புச் செதுக்கல்: 'கிரவுண்ட்', 'ஸ்டாப் கட்', 'ஸ்வீப்', 'அண்டர்கட்' (வெள்ளிக்குள் வேண்டும்)

பெயர்ப்பாளினி:

குழுவினருக்கு வணக்கம்.

மரத்தில் புடைப்புச் செதுக்கல் (சுற்றுப்பரப்பை இறக்கி உருவத்தை மேலெழச் செய்வது) பற்றிய பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆழத்தைத் திட்டமிடுவதும் உளி தேர்வதும் என்ற அதிகாரத்தில் நான்கு சொற்கள் இடிக்கின்றன: கிரவுண்ட் (உருவத்தைச் சுற்றி இறக்கப்படும் பின்பரப்பு), ஸ்டாப் கட் (மர இழை கிழிந்து உருவத்துக்குள் போகாமல் ஓரத்தில் போடும் வெட்டு), ஸ்வீப் (உளிவாயின் வளைவு), அண்டர்கட் (உருவத்தின் ஓரத்துக்கு அடியில் உள்நோக்கிக் குடைவது). மாதிரிக்கு ஒரு பத்தி:

"25 மி.மீ. பலகையில் கிரவுண்டை 9 மி.மீ. இறக்கவும். உருவத்தின் ஓரத்தில் ஸ்டாப் கட் போட்டபின், 9-ஆம் ஸ்வீப் குழியுளியால் கழிவை எடுத்து, 3-ஆம் ஸ்வீப்பால் சமன் செய்யவும். அண்டர்கட் கடைசியில்."

இப்போதைக்குத் தாழ்தளம், நிறுத்துவெட்டு, குழிவு, கீழறுப்பு என்று போட்டிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

ஒற்றுமிகும்:

அம்மா, 'தாழ்தளம்' வினைத்தொகை. ஒற்று மிகாமல் எழுதியதற்கு என் பாராட்டு. பலர் 'தாழ்த்தளம்' என்று எழுதிவிடுவார்கள். ஆனால் தாழ்தளம் என்றதும் படிக்கிறவருக்குப் பேருந்துதான் கண்முன் நிற்கும். 'அடித்தளம்' கட்டடக்காரர்களுக்குப் போய்விட்டது, 'பின்புலம்' அரசியல் செய்தியாளர்களுக்கு. 'நிலம்' என்று சொல்லிப் பாருங்களேன். அகழ்வாரைத் தாங்குவது அதுதானே.

'கீழறுப்பு' வேண்டவே வேண்டாம். கீழறுத்தல் என்றால் கூட இருந்தே குழி பறிப்பது.

உளிவாய்:

நிலமோ தளமோ, முதலில் அது என்ன செய்கிறது என்று பார்ப்போம். புடைப்பு வேலையில் எல்லா ஆழமும் இரண்டு இடங்களிலிருந்து அளக்கப்படும்: பலகையின் பழைய மேற்பரப்பு ஒன்று, இந்தக் கிரவுண்ட் மற்றொன்று. பலகையின் நான்கு விளிம்பிலும் மார்க்கிங் கேஜால் (விளிம்புக்கு இணையாகக் கோடு இழுக்கும் கருவி) 9 மி.மீ.யில் கோடு இழுத்துவிட்டுத்தான் உளியைத் தொடுவார்கள். அந்த 9 மி.மீ.யைப் படிகளாகப் பிரிப்பார்கள். கொத்தாகப் பழமும் இலையும் என்றால், பழத்தின் உச்சி 0, முன்னிலை 3, பின்னிலை 5, காம்பு 7, கிரவுண்ட் 9. இந்த எண்களை வரைபடத்திலேயே ஒவ்வொரு பகுதிக்குள்ளும் எழுதிவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இலைகளுக்கு நடுவே 2 மி.மீ. படியாவது இல்லையென்றால், உருட்டிச் செதுக்கி முடித்ததும் இரண்டும் ஒரே மட்டத்துக்கு வந்து ஒட்டிக்கொள்ளும்.

இன்னொன்று. பலகையின் பழைய மேற்பரப்பைத் தொடுவது உச்சிப் புள்ளிகள் மட்டுமே. முழு இலையையும் 0-வில் தட்டையாக விட்டால், அட்டையில் வெட்டி ஒட்டிய மாதிரி இருக்கும். தொடங்குபவர்களிடம் அதிகம் காணும் பிழை இதுதான். கிரவுண்டை இன்னும் ஆழமாக இறக்கினால் சரியாகும் என்று நினைத்து இறக்கிக்கொண்டே போவார்கள். பலகையின் பாதி கனத்துக்குக் கீழே போனால் மிஞ்சிய மெல்லிய பகுதி வளையத் தொடங்கும். ஒரு முகத்தில் மட்டும் மரம் போய்விட்டதால் ஈரம் இரு பக்கமும் ஒரே மாதிரி ஏறி இறங்காது.

சொல்லுக்கு வருகிறேன். 'தளம்' என்றால் தட்டை. ஆனால் இந்தப் பரப்பு எப்போதும் தட்டையாக இருக்காது. நிழல் நன்றாக விழ வேண்டும் என்று உருவத்தின் அருகே ஆழமாக இறக்கி, சட்டத்தை நோக்கி மெல்ல ஏற்றுவதும் உண்டு. எனவே தளம் சரிப்படாது. 'தரை' என்றால் மேடுபள்ளம் இருக்கலாம். 'தரையை இறக்கு', 'தரையைச் சமன் செய்' என்றெல்லாம் வாக்கியம் இடறாமல் வரும்.

வேர்ச்சொல்:

தரைக்கு எனக்கு மறுப்பில்லை, ஆர்வமும் இல்லை. 'ஸ்வீப்'புக்குத்தான் ஓர் அருமையான சொல் கிடந்து உறங்குகிறது: வணர். சங்கப் பாட்டில் 'வணர்கோட்டுச் சீறியாழ்' வருகிறதே, வளைந்த கோட்டையுடைய சிறுயாழ். மரத்தை வளைத்த வளைவுக்கே வந்த சொல்! வணர், வணங்கு, வணக்கம் எல்லாம் ஒரே குடும்பம். உடல் வளைவதுதான் வணக்கம். வள் என்ற வேரில் வளை, வளையம், வளாகம், வள்ளி (கொடி) என்று விரியும். ளகரம் ணகரமாகத் திரிவது நமக்குப் புதிதா? '3-ஆம் வணர் உளி' என்று எழுதிப் பாருங்கள்.

பெயர்ப்பாளினி:

ஐயா, அழகான சொல்தான். இந்தக் கையேட்டைப் படிக்கப் போகிறவர் கையில் உளியோடு நிற்பவர். வணர் என்றதும் அகராதியைத் தேடினால் உளியைக் கீழே வைக்க வேண்டியிருக்கும். 'குழிவு' ஏன் கூடாது? இயற்பியல் பாடத்தில் குழியாடி, குழிலென்ஸ் எல்லாம் படித்தவர்கள்தானே.

உளிவாய்:

அம்மா, ஆழம் பேசும் அதிகாரத்தில் 'குழிவு 7' என்று எழுதினால் 7 மி.மீ. தோண்டிவிடுவார்கள். சத்தியமாக.

அதைவிட, ஸ்வீப் என்பது எந்த அளவு என்று தெளிவாக வேண்டும். வளைவின் ஆரம் என்று பலர் நினைக்கிறார்கள். அன்று. ஒரே எண்ணுள்ள உளிகளில் 6 மி.மீ. அகலத்துக்கு ஆரம் சிறியது, 20 மி.மீ. அகலத்துக்குப் பெரியது. மாறாமல் இருப்பது விகிதம்: வாயின் அகலத்தைப் போல எத்தனை பங்கு உள்ளே வளைந்திருக்கிறது என்பது. ஒரு உளியை நிமிர்த்திக் குத்தி, அடுத்த குத்தை அதன் நுனியில் தொடங்கி, இப்படியே சுற்றிக்கொண்டு போனால் ஒரு வட்டம் மூடும். 6 மி.மீ. உளிக்கு எத்தனை குத்து வேண்டுமோ, அதே எண்ணுள்ள 20 மி.மீ. உளிக்கும் ஏறக்குறைய அத்தனையே வேண்டும்; வட்டம்தான் பெரிதாகும். இது தெரிந்தால் உளித் தேர்வில் பாதி முடிந்தது. படத்தில் உள்ள வளைகோட்டின்மேல் உளிவாயை நேராக வைத்துப் பாருங்கள். ஒளி புகாமல் பொருந்தினால் அதுதான் அந்த ஓரத்துக்கான உளி. பொருந்தவில்லையென்றால் இருக்கிற உளிக்கேற்பக் கோட்டைச் சற்று மாற்றி வரைவதும் நல்ல வழக்கம்தான்.

ஷெஃபீல்டுப் பட்டியலில் (ஆங்கிலேய உளிகளின் எண்வரிசை) 1 நேர்வாய், 2 சாய்வாய். 3 முதல் 9 வரை வளைவு கூடிக்கொண்டே போகும். 3 கிட்டத்தட்டத் தட்டை, 9 ஏறக்குறைய அரைவட்டம். 10, 11 பக்கச்சுவர் உயர்ந்தவை.

ஒற்றுமிகும்:

அப்படியானால் 'வளைவெண்'. 'முற்றும் அற்று ஒரோவழி' என்று நன்னூல் இடம் கொடுக்கிறது. வளைவு என்பதன் ஈற்று உகரம் முற்றியலுகரமானாலும் கெட்டுப் புணரும். 'வளைவு எண்' என்று பிரித்து எழுதினாலும் பிழையில்லை, ஆனால் சேர்த்தால்தான் கலைச்சொல்லாக நிற்கும்.

வேர்ச்சொல்:

வளைவெண் என்பது விளக்கம், பெயரன்று. எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டே போனால் மொழிக்குச் சொல் எப்போது சேரும்? அதே கையேட்டில் மரத்தின் உள்வைரத்தை என்ன என்று எழுதியிருக்கிறீர்கள்? 'வைரம்' வடசொல் வழியாக வந்தது. தொல்காப்பியம் 'அகக்காழ்' தந்திருக்கிறது; காழ் என்றால் வைரம். உள்ளே காழ் உடையது மரம், வெளியே காழ் உடையது புல். பனையும் தெங்கும் அந்தக் கணக்கில் புல்லாகிவிடும். பனையின் நடுவில் சோறும் ஓரத்தில் இரும்பும் இருப்பதைப் பார்த்தவர்கள் வகுத்த வகுப்பு அது.

உளிவாய்:

பனையில் புடைப்புச் செதுக்கல் ஏன் சரிவராது என்பதற்கு நல்ல காரணம் சொன்னீர்கள் ஐயா, அதற்காக நன்றி. ஆனால் 'வைரம் பாய்ந்த மரம்' என்று சொல்லாத தச்சர் இல்லை. அதைத் தொட வேண்டாம்.

'நிறுத்துவெட்டு' பற்றி யாரும் பேசவில்லையே. பெயரைவிட வரிசைதான் எனக்குக் கவலை. மாதிரிப் பத்தியில் முதலிலேயே ஓரத்தில் ஸ்டாப் கட் என்று இருக்கிறது. படிக்கிறவர் கோட்டின்மேலேயே உளியை நிறுத்திக் கொட்டாப்புளியால் 9 மி.மீ.க்கும் அடித்து இறக்கிவிடுவார். உளி ஓர் ஆப்பு. வெளிப்பக்கம் மரம் இன்னும் அடைத்து நிற்பதால், தள்ளுவதற்கு இடமில்லாமல் உருவத்தின் பக்கம் தள்ளும். இலையின் நுனி, காம்பு போல இழை குறுக்கே ஓடும் இடங்கள் அப்படியே பெயர்ந்து வரும்.

சரியான வரிசை இது. கோட்டுக்கு 1 முதல் 2 மி.மீ. வெளியே 'வி' உளியால் சுற்றிலும் வாய்க்கால் போடு. 12 முதல் 20 மி.மீ. அகல 8 அல்லது 9-ஆம் எண்ணால் இழைக்குக் குறுக்கே கழிவை எடு. இழையோடு போனால் உளி வெட்டாது, பிளக்கும், பிளவு எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. கேஜ் கோட்டுக்கு 1 மி.மீ. மேலே நிறுத்து. இப்போது மரம் ஒதுங்க இடமிருக்கிறது. வளைவு பொருந்தும் உளியால் ஓரத்தை 2, 3 மி.மீ. வீதம் இறக்கு. உளியை நேர்குத்தாகவோ, அடி சற்று அகன்றிருக்கும்படி சாய்த்தோ பிடி. உள்நோக்கிச் சாய்க்காதே, ஓரம் வலுவிழக்கும். கடைசி 1 மி.மீ.யை 3-ஆம் எண்ணால் சீவு. அதன் மூலைகள் மரத்துக்கு மேலேயே இருக்கட்டும். மூலை புதைந்தால் தரை முழுக்கக் கீறலாகும். ஓரத்தை இறக்கும்போது உளி தரையைத் தாண்டிக் குத்தியிருந்தால் அந்தத் தழும்பு போகாது, மொத்தத் தரையையும் மறுபடி இறக்க வேண்டிவரும்.

ஆக இங்கே இரண்டு வேலைகள். இழை கிழிந்து கோட்டைத் தாண்டாமல் தடுக்கப் போடும் மெல்லிய வெட்டு ஒன்று, ஓரச்சுவரை உருவாக்குவது இன்னொன்று. முன்னதுக்குத் 'தடைவெட்டு', பின்னதுக்கு 'ஓரம் இறக்குதல்'. இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கினால் மரம்தான் பாழாகும்.

பெயர்ப்பாளினி:

மூலத்திலேயே அந்த இடம் குழப்பமாக இருந்தது. இரண்டாகப் பிரித்து எழுதிவிடுகிறேன். வளைவெண்ணை ஏற்கலாமா?

உளிவாய்:

ஒரு சிக்கல். கழுத்து வளைந்த உளிகளை மறந்துவிட்டோம். நாலாபுறமும் சுவர் எழுந்த பள்ளத்தில் நேர் உளியைத் தரைக்குப் படுக்கவைக்க முடியாது, பிடியும் தண்டும் எதிர்ச்சுவரில் இடிக்கும். அங்கே கரண்டி போல வளைந்த உளி வேண்டும். ஷெஃபீல்டுப் பட்டியலில் நேர் உளியின் 3, நீண்டு வளைந்ததில் 12, கரண்டி வளைவில் 24. வாயின் வளைவு மூன்றுக்கும் ஒன்றே. அதாவது அந்த எண் வளைவை மட்டும் குறிப்பதில்லை, தண்டின் வடிவத்தையும் சேர்த்தே குறிக்கிறது. 24-ஐ வளைவெண் என்றால் 9-ஐவிட வளைந்தது என்று நினைப்பார்கள். சுவிஸ் உளிகளில் எண்ணை மாற்றாமல் பக்கத்தில் எழுத்துச் சேர்ப்பார்கள். ஆனால் அங்கே 2 என்பது சாய்வாய் அன்று, மிக மெல்லிய வளைவு. இரண்டு பட்டியலையும் கலந்து வாங்கினால் பொருந்தாது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

ஒற்றுமிகும்:

புணர்ச்சி சரியாக இருந்தும் பொருள் கவிழ்த்துவிட்டதே! அப்படியானால் தன்மைக்கு 'வளைவு', பட்டியலில் உள்ளதற்கு வெறும் 'எண்' என்று தனித்தனியே வைப்போம். கலைச்சொல் என்று மார்தட்ட முடியாது, வேலை நடக்கும்.

மட்டுறுத்துநர்:

நாளை வெள்ளி. இதுவரை வந்த மடல்களின்படி: தரை, தடைவெட்டு (தனியாக ஓரம் இறக்குதல்), வளைவு / எண். அண்டர்கட்டுக்கு யாரும் மாற்றுத் தரவில்லை. 'உட்குடைவு' என்று நானே போடுகிறேன். மறுப்பிருந்தால் இன்றிரவுக்குள்.

உளிவாய்:

உட்குடைவு சரி. தரையின் ஆழம் 4 மி.மீ.க்குக் குறைந்தால் உட்குடைவே வேண்டாம், நிழலுக்கு இடம் கிடைக்காது, ஓரம் மட்டும் உதிரும் என்று அடிக்குறிப்பு ஒன்று போடலாம். அந்த ஆழத்தில் இலை நரம்புக்கு 2 மி.மீ. 11-ஆம் எண்ணோ 'வி' உளியோ போதும்.

வேர்ச்சொல்:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன். ஆனால் 'வணர்' என்பதை எதிர்வாக்காகப் பதிவு செய்யவும். காழ் பற்றித் தனி இழை தொடங்குகிறேன், இதற்குள் கலக்கவில்லை.

பெயர்ப்பாளினி:

கோப்பு அனுப்பியாயிற்று. படங்களில் மட்டும் 'கிரவுண்ட்' என்றே இருக்கிறது; வரைந்தவரிடம் மாற்றச் சொல்லியிருக்கிறேன். அவர் 'தளம்' என்று போட்டுவிட்டார்.