யூக்ளாவில் ஓர் இரவு தங்கலாமா?

கேள்வி – தக்கலை வாசகர்:
அடிலெய்டில் இருக்கும் என் தங்கை குடும்பத்தினர் ஆகஸ்டில் பெர்த்துக்குக் குடிபெயர்கிறார்கள். இங்கிருந்து செல்லும் அம்மாவும் அவர்களுடன் காரிலேயே பயணம் செய்வார். வழியில் ஐர் நெடுஞ்சாலையில் உள்ள யூக்ளா என்னும் சிற்றூரில் தங்க எண்ணுகிறார்கள். பெட்ரோல் பங்கும் தங்கும் விடுதியும் தவிர அங்கே பார்க்க ஏதேனும் உண்டா?

பதில் – பெர்த்தில் வாழும் அருமனைக்காரர்:
கட்டாயம் தங்கச் சொல்லுங்கள், தம்பி. இன்று சில பத்துப் பேர் மட்டுமே வாழும் அவ்வூர், 1877இல் திறக்கப்பட்ட தந்தி நிலையத்தால் ஒரு காலத்தில் பரபரப்பாக இருந்தது. மேற்கு ஆஸ்திரேலியாவையும் தென் ஆஸ்திரேலியாவையும் இணைத்த கம்பித்தடம் அங்கேதான் கைமாறியது. 1890களில் பெருகிய முயல்கள் மணல்மேட்டுச் செடிகளை மேய்ந்து தீர்க்கவே, பிடிப்பிழந்த மணல் நகர்ந்து பழைய ஊரை மூடத் தொடங்கியது. 1927இல் நிலையம் மூடப்பட்டது. இப்போதைய ஊர் சில கிலோமீட்டர் வடக்கே, மேட்டின் மேல் இருக்கிறது. மணலில் பாதி புதைந்த அந்தக் கற்சுவர்களைப் பார்க்கும்போது, கடற்கரையில் அடம்பங்கொடியைப் பறித்து எறிவது எவ்வளவு பெரிய தவறு என்பதை நம் குமரிக்காரர்கள் ஒவ்வொருவரும் உணர்வார்கள். அருகிலுள்ள யூக்ளா தேசியப் பூங்காவில் டெலிசர் மணற்குன்றுகளும், கடலைப் பார்த்து நிற்கும் வில்சன் பிளஃப் பாறை முனையும் உள்ளன. மணலில் நடப்பது கடினம் என்பதால் அம்மாவை அவசரப்படுத்த வேண்டாம்.

பதில் – மார்த்தாண்டத்துக்காரர்:
ஒன்றை மறந்துவிடக் கூடாது. மேற்கு ஆஸ்திரேலிய எல்லைச் சோதனைச் சாவடியில் பழங்கள், காய்கறிகளோடு தேனையும் தடுத்துவிடுவார்கள். அங்குள்ள தேனீக்களுக்கு நோய் பரவாமல் காப்பதற்காக அந்தக் கட்டுப்பாடு. நம் ஊர்த் தேனை அம்மா கொண்டு போனால், அதை அடிலெய்டிலேயே யாருக்காவது கொடுத்துவிடுவது நல்லது.

பதில் – நாகர்கோவில் ஓட்டுநர்:
அண்ணாச்சி சொன்னவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கங்காருக்கள் சாலைக்கு வரும் என்பதால் அந்தி சாய்ந்தபின் வண்டி ஓட்டக் கூடாது. பங்குகளுக்கிடையே தொலைவு மிகுதி என்பதால் வாய்ப்புள்ள இடத்திலெல்லாம் எரிபொருளை நிரப்பிக்கொள்ள வேண்டும். யூக்ளா கடிகாரம் பெர்த்தைவிட 45 நிமிடம் முந்தியது, ஆகஸ்டில் அடிலெய்டைவிட 45 நிமிடம் பிந்தியது; விடுதியில் உணவு நேரத்தை அந்த ஊர் நேரப்படி கேட்டுவைக்கச் சொல்லுங்கள். மே முதல் அக்டோபர் வரை திமிங்கிலங்கள் வரும் ஹெட் ஆஃப் பைட் என்னும் கடலோர இடம், யூக்ளாவுக்கு முன்பே வந்துவிடும். எனவே அன்றைய பயணத்தை விடியலிலேயே தொடங்குவது நல்லது.