ஏற்காட்டுல ஓடுற பழைய ஜீப்புக்கு குந்துன ஸ்பிரிங் பட்டையை அடிச்சு வளைக்கிறதா, புது செட்டு போடுறதா?

நாகலூர்_காப்பி
வணக்கம்ங்க. வண்டி மஹிந்திரா எம்எம் 540 ஜீப்பு, முன்னாடி பின்னாடி ரெண்டும் பட்டை ஸ்பிரிங்தான் (வளைஞ்ச இரும்புப் பட்டைங்களை ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குன லீஃப் ஸ்பிரிங்). தோட்டத்துல இருந்து காப்பி மூட்டை, மிளகு, சில நேரம் ஆளுங்கனு எல்லாம் இதுலதான் ஏறும். பின்னாடி வலது பக்கம் குந்திடுச்சு, சிமெண்ட் தரையில நிறுத்தி ஹப் நடுவுல இருந்து மட்கார்டு விளிம்பு வரைக்கும் டேப்பு வச்சு பாத்தா ரெண்டு பக்கத்துக்கும் ஒன்றரை இஞ்ச் வித்தியாசம். லோடோட பள்ளத்துல இறங்குனா, ஆக்சில் மேல வந்து முட்டாம தடுக்கிற பஃபர் ரப்பர்ல டங்குனு அடிக்குது. கழட்டி பாத்தா ரெண்டாம் பட்டை, எல்லாப் பட்டையையும் நடுவுல கோத்துப் புடிக்கிற சென்டர் போல்ட் ஓட்டை கிட்ட உடைஞ்சிருக்கு. சேலத்துல ஒரு பட்டறையில காட்டுனேன், மெயின் பட்டை (இருக்கிறதுலயே நீளமானது) நல்லாத்தான் இருக்கு, எல்லாத்தையும் நெருப்புல வச்சு அடிச்சு தூக்கித் தரேன், கூட ஒரு பட்டை சேத்துக்க, இனிமே குந்தாதுங்கறார். இன்னொருத்தர் செட்டையே மாத்துங்கறார். விலை நாலு மடங்கு வித்தியாசம் வருது. எதுங்க செய்யறது?

சங்ககிரி_லோடு
தம்பி அடிச்சே போடு. சங்ககிரி, நாமக்கல் பக்கம் ஓடுற லாரியில முக்காவாசி அடிச்ச பட்டைதான். உடைஞ்சது ஒண்ணு, அதை மட்டும் மாத்து, மீதியை வளைச்சு தூக்கு, தடிமனா ஒண்ணு எக்ஸ்ட்ரா சேரு, முடிஞ்சது கதை. புது செட்டு வாங்கச் சொல்றவன் யாருன்னு பாரு, விக்கிறவனாத்தான் இருப்பான்.

உருக்காலை_காலனி
அண்ணா நீங்க சொல்றது பத்து டன் ஏத்துற லாரிக்கு. இது பாதி நாள் காலியா ஓடுற ஜீப்பு. முதல்ல அந்த "நெருப்புல வச்சு அடிக்கிறது" இருக்கே அதைப் பேசுவோம். பட்டை வளைவா இருக்கிறதால மட்டும் ஸ்பிரிங் ஆயிடாது, அதுக்கு பதம் வேணும், அதாவது சூடு காட்டி ஆற வச்சு ஏத்துற உறுதி. ஸ்பிரிங் ஸ்டீலை கம்பெனியில சுமார் 850 டிகிரிக்கு மேல காய்ச்சி, எண்ணெயில முக்கி, அதுக்கப்புறம் 400, 500 டிகிரியில மறுபடி சூடு பண்ணி பதம் போடுவாங்க. உலையில செவக்க வச்சு அடிச்சு அப்படியே தரையில போட்டு ஆற விட்டா அந்தப் பதம் போயிடும், மிச்சம் இருக்கிறது வளைஞ்ச இரும்புப் பட்டைதான். ரெண்டு தடவை மூட்டை ஏத்துனதும் மறுபடி குந்தும். சிலர் சூடா இருக்கும்போதே தண்ணியில முக்குவாங்க, அது இன்னும் மோசம், நொறுங்கிப் போற மாதிரி ஆயிடும், கொண்டை ஊசி வளைவுல உடைஞ்சா தெரியும். (பேரைப் பாத்துட்டு யாராவது கேப்பீங்க, நம்ம சேலம் உருக்காலையில ஓடுறது ஸ்டெயின்லெஸ், ஸ்பிரிங் பட்டைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.)

சங்ககிரி_லோடு
நெருப்புலதான் அடிக்கணும்னு யாரு சொன்னா? நல்ல ஆளு பச்சையாவே அடிப்பான், சூடே காட்டமாட்டான், பட்டையைக் கல்லு மேல வச்சு சம்மட்டியால நெருக்க நெருக்கமா தட்டிக்கிட்டே போவான், ஒரே இடத்துல அடிக்காம. அதுல எங்க பதம் போகுது? எங்கப்பா காலத்துல இருந்து அப்படித்தான்.

உருக்காலை_காலனி
பச்சையா அடிச்சா பதம் போகாது, ஒத்துக்கறேன். ஆனா அந்த பட்டறைக்காரர் நெருப்புனுதானே சொல்லியிருக்கார்? இன்னொண்ணு, பச்சையா அடிச்சாலும் உள்ள இருக்கிற விரிசல் போயிடுமா? நாகலூர், அந்த உடைஞ்ச முனையைக் கொஞ்சம் வெளிச்சத்துல பாருங்க, எப்படி இருக்கு?

நாகலூர்_காப்பி
இப்பத்தான் பாத்தேன். பாதிக்கு மேல கருஞ்சிவப்பா துரு, மீதி பளபளன்னு சீனி உடைச்ச மாதிரி குருணை குருணையா இருக்கு.

உருக்காலை_காலனி
அதேதான். துரு புடிச்ச பாதி ரொம்ப நாளைக்கு முன்னாடியே விட்டுப் போச்சு, பளபளப்பு மட்டும்தான் கடைசியா உடைஞ்சது. அவ்ளோ நாளும் மீதி பட்டைங்கதான் அந்த லோடையும் சேத்து தாங்கியிருக்கு. அதே வயசு, அதே ரோடு பாத்த மெயின் பட்டையை "நல்லா இருக்கு"னு வெறும் கண்ணால பாத்து எப்படி சொல்றாங்க? மண்ணெண்ணெய் ஊத்தி தொடச்சுட்டு சாக்பீஸ் தேய்ச்சு பாருங்க, விரிசல் இருந்தா ஈரக்கோடு தெரியும்.

தார்_பையன்_அஸ்தம்பட்டி
ப்ரோ எதுக்கு இவ்ளோ, நீளமான ஷேக்கிள் (பட்டை முனையை சேசிஸோட சேக்கிற ஆடுற இணைப்பு) போட்டு தூக்கிடுங்க, சீப்பா முடியும், லுக்கும் வேற லெவல். நான் என் பழைய தார் சிஆர்டிஇ-ல முன்னாடி டார்ஷன் பார் (முறுக்கிக்கிட்டு ஸ்பிரிங் வேலை செய்யற கம்பி) போல்ட்டை முறுக்கி ரெண்டு இஞ்ச் தூக்கிட்டேன், செம கெத்தா ஸ்டிஃபா இருக்கு.

அடிவார_மெக்கானிக்
தம்பி, போல்ட்டை முறுக்குனா டார்ஷன் பாரோட கடினம் மாறாது, அது பாரோட நீளத்துலயும் தடிமன்லயும் இருக்கு. வண்டி உசரம்தான் மாறுச்சு. ஸ்டிஃபா தெரியுறது ஏன்னா சக்கரம் கீழ தொங்கறதுக்கு இடமே இல்லாம மேல் ஆர்ம் போய் ஸ்டாப்பர்ல முட்டிக்கிட்டு நிக்குது. ஆக்சில் மேல இருக்கிற ரப்பர் பூட் (உறை), பால் ஜாயிண்ட் எல்லாம் கோணலா வேலை செய்யும். பூட் கிழிஞ்சு கிரீஸ் வெளிய வருதான்னு மொதல்ல குனிஞ்சு பாரு.

அப்புறம் இந்த ஷேக்கிள் கதை. குந்துன பட்டையை ஷேக்கிள் வச்சு தூக்குனா பட்டை அப்படியே குந்திதான் இருக்கும். எம்எம் 540-ல முன்னாடி பக்கம் நீளமா ஷேக்கிள் போட்டா கேஸ்டர் கோணம் (ஸ்டியரிங் திரும்புற அச்சு முன்ன பின்ன சாஞ்சிருக்கிற கோணம்) மாறி ஸ்டியரிங் அலையும், 20 கொண்டை ஊசி இறங்கி வர்றவனுக்கு அது தேவையா? போதாததுக்கு கம்பெனி கொடுத்த அமைப்பை மாத்தறது மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுல வரும், எஃப்சி-க்கு போனா நிறுத்தி வைப்பான்.

தார்_பையன்_அஸ்தம்பட்டி
எல்லாரும் போட்டிருக்காங்க ப்ரோ, ஒருத்தனையும் புடிக்கல 😂

அடிவார_மெக்கானிக்
புடிக்கலைன்னா சரி 🙏

நாகலூர் அண்ணனுக்கு: எக்ஸ்ட்ரா பட்டை வேண்டாங்க. அதுவும் தடிமனா போடவே போடாதீங்க. கெட்டித்தனம் தடிமனை மூணு தடவை தன்னாலயே பெருக்குன கணக்குல ஏறும், 6 மில்லி பட்டை இருக்கிற இடத்துல 7 மில்லி போட்டா அந்தப் பட்டை கிட்டத்தட்ட 60 சதவீதம் கெட்டியாயிடும். லோடு ஏத்துன நாள் சுகமா இருக்கும், காலியா வர்ற நாள் பின்சக்கரம் ரோட்டுல நிக்காது, குதிச்சுக்கிட்டே வரும், குப்பனூர் ரோட்டு இறக்கத்துல மழைத்தண்ணியில பிரேக் போட்டுப் பாருங்க அப்ப தெரியும். ஷாக் அப்சார்பரும் சீக்கிரம் செத்துரும். ரெண்டு பக்கமும் புது செட்டு, கம்பெனி கணக்குல எத்தனை பட்டையோ அத்தனை. ஒரு பக்கம் மட்டும் மாத்துனா சாய்வு இடது பக்கம் போகும், அவ்ளோதான்.

சங்ககிரி_லோடு
சரி புதுசே போடட்டும், காசு அவரோடது. ஆனா போடும்போது பட்டைக்கு நடுவுல கிராஃபைட் கிரீஸ் தடவிப் போடணும், அதுல நான் விடமாட்டேன்.

அடிவார_மெக்கானிக்
கிரீஸா? தோட்டத்து செம்மண் சேறு முழுக்க அதுல ஒட்டிக்கிட்டு கிரைண்டர் மாதிரி பட்டையை அரைக்கும். காய்ஞ்சு இருக்கிறதே நல்லது. பட்டைங்க ஒண்ணோட ஒண்ணு உரசுற உரசலும் கொஞ்சம் ஷாக் அப்சார்பர் வேலையைச் செய்யுது.

சங்ககிரி_லோடு
சமவெளியில ஓடுற வண்டிக்கு நீ சொல்றது சரி. மேல பனியும் மழையும் மாத்தி மாத்தி அடிக்கிற ஊர்ல காய விட்டா துரு புடிச்சு ஒட்டிக்கிட்டு பட்டை நகரவே நகராது, அப்ப ஏறி இறங்குறப்ப கிறீச் கிறீச்சுனு கத்தும் பாரு. அந்தக் கத்தல் கேக்கலியா நாகலூரு?

நாகலூர்_காப்பி
கேக்குதுங்க, ஊரே திரும்பிப் பாக்குது. அதுக்காக பழைய இன்ஜின் ஆயில் ஊத்திக்கிட்டு இருந்தேன், நிக்கல.

அடிவார_மெக்கானிக்
ஐயோ அதை விடுங்க. ஆயில் வழிஞ்சு ஷேக்கிள் போல்ட்டைச் சுத்தி இருக்கிற புஷ் ரப்பர்ல இறங்கும், ரப்பர் ஊறி பொதபொதன்னு ஆயிடும். ஒரு கடப்பாரையைக் குடுத்து ஷேக்கிளை நெம்பிப் பாருங்க, லொடலொடன்னு ஆடுனா புஷ் போச்சு, கத்தல்ல பாதி அங்க இருந்துதான் வருது. புஷ்ஷும் சேத்து மாத்துங்க.

உருக்காலை_காலனி
கிரீஸ் சண்டையில நான் சங்ககிரி அண்ணன் பக்கம். மெல்லிசா தடவிட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை மழை முடிஞ்சதும் கழட்டி கழுவணும், அதைச் செய்யறவனுக்கு மட்டும்தான் கிரீஸ். கழுவ மாட்டேன்னா காய்ஞ்சே இருக்கட்டும்.

நாகலூர்_காப்பி
செட்டு சொல்லியாச்சு, ரெண்டு பக்கத்துக்கும். பழம் பறிப்பு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி மாட்டிடணும். மாட்டும்போது எதையாவது கவனிக்கணுமா?

அடிவார_மெக்கானிக்
பட்டையை ஆக்சிலோட சேத்துக் கட்டுற யூ போல்ட் பழசைப் போடாதீங்க, ஒருதடவை இழுத்து முறுக்குனது நீண்டிருக்கும். ஷேக்கிள் போல்ட்டை ஜாக்கில தொங்கும்போதே இறுக்கிடுவாங்க சில பேர், கூடவே நின்னு பாருங்க: சக்கரத்தைத் தரையில இறக்கி வண்டி எடை முழுசா பட்டையில உக்காந்த பிறகுதான் இறுக்கணும், இல்லாட்டி ரப்பர் முறுக்கிக்கிட்டே நின்னு சீக்கிரம் கிழியும். சென்டர் போல்ட் தலை ஆக்சில்ல அதுக்குன்னு இருக்கிற குழியில சரியா உக்காந்துச்சான்னு விரல் விட்டு பாத்துக்குங்க. மலை ஏறி இறங்கி ஒரு 200, 300 கிலோமீட்டர் ஓடுனதும் யூ போல்ட்டை மறுபடி முறுக்கணும்.

சங்ககிரி_லோடு
பழைய பட்டையை பட்டறையில விட்டுட்டு வந்துடாத தம்பி. எடுத்துட்டு வா, தோட்டத்துக்கு அரிவாள் அடிக்க அதைவிட நல்ல இரும்பு கிடைக்காது.