மைனர் காருக்கு 4.22 கிரவுனும் கிளட்ச் பெடலும்: எங்க குடும்பக் குழுவில் பேசுனது

நான்: மாமா, மாரிஸ் மைனர் 1000 (948 சி.சி. எஞ்சின்) பெருந்துறை பைபாஸ்ல 80 கி.மீ-ல போனா எஞ்சின் கத்துதுங்க. 5 கியர் பாக்ஸ் போட்டரலாமுங்களா? கிளட்ச்சும் பெடல் அடியில போனாத்தான் விடுது. ரிவர்ஸ் போட்டா கரகரங்குது.

கோபி மாமா: மாப்ள, பாக்ஸ அப்பறம் பாக்கலாம். மொதல்ல பின்னாடி ஆக்சில்ல இருக்கற கிரவுன் (பெரிய பல்சக்கரம்) என்ன விகிதம்னு எண்ணிச் சொல்லு. 948-க்கு கம்பெனியில வந்தது சின்ன பினியன்ல 9 பல்லு, கிரவுன்ல 41 பல்லு, அதாவது 4.555. 803 எஞ்சின் வண்டியோட ஆக்சில யாராச்சும் மாத்தி வெச்சிருந்தா 5.3 கிட்ட இருக்கும்.

நான்: கழட்டாம எப்படிங்க எண்றது?

காரமடை அண்ணன்: முன் சக்கரம் ரெண்டுக்கும் கல்லு வை. நியூட்ரல்ல போட்டு ஹேண்ட்பிரேக்க எறக்கு. பின்னாடி ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு, ஆக்சிலுக்கு அடியில ஸ்டாண்டு குடு. மத்த சக்கரம் தரையிலயே இருக்கோணும். தூக்குன சக்கரத்துல ஒரு சாக்பீஸ் கோடு, பிரொப்பல்லர் சாஃப்ட் (கியர் பாக்ஸ்ல இருந்து ஆக்சிலுக்கு வர்ற தண்டு) பிளாஞ்சுல ஒரு கோடு. சக்கரத்த 20 சுத்து சுத்து, ஒருத்தர் கோட்டப் பாத்து எண்ணட்டும். சாஃப்ட் நாப்பத்தஞ்சரை சுத்துனா 4.555. 42-ம் கொஞ்சமும்னா 4.22. 53 கிட்ட வந்தா 803 ஆக்சில். ஒரு சக்கரம் நிக்கறதால கணக்குல பாதிதான் வரும், அதுக்கோசரந்தான் 20 சுத்து.

பொள்ளாச்சி அக்கா: 145 ஆர் 14 ரேடியல் டயர் சுத்தளவு சுமார் 1.84 மீட்டர். அத வெச்சு 80 கி.மீ-ல எஞ்சின் சுத்து பாருங்க. 4.555-க்கு 3300. 4.22-க்கு 3060. 3.9-க்கு 2830.

கோபி மாமா: அப்ப 3.9-யே போட்டரலாமில்ல அம்மணி? எம்.ஜி. மிட்ஜெட் கிரவுன் அதே வீட்டுல உக்காரும்.

காரமடை அண்ணன்: வேண்டாங்க மாமா. 948-க்கு மொத்தமே 37 குதிரை சக்தி. பண்ணாரியில இருந்து திம்பம் ஏற 27 வளைவு இருக்குது. இப்ப மூணாவது கியர்ல மொத்த விகிதம் 6.43. 4.22 போட்டா 5.96, சமாளிக்கும். 3.9-ல 5.51-க்கு எறங்கிரும், வளைவுக்கு வளைவு ரெண்டாவதுக்குப் போகோணும். கிளட்ச் பிளேட்டும் சீக்கிரம் தேயும். 3.9 எல்லாம் 1275 எஞ்சின் போட்டவங்களுக்கு.

கோபி மாமா: நெசந்தான். சமவெளி மட்டும்னா வேற. மல ஏறுற வண்டிக்கு 4.22.

நான்: 5 கியர் வேண்டவே வேண்டாமுங்களா?

காரமடை அண்ணன்: ஃபோர்டு டைப் 9 பாக்ஸ் போடறாங்க, அஞ்சாவது 0.82. ஆனா அதுக்குத் தனி பெல் ஹவுசிங், கிராஸ் மெம்பர்ல வெட்டு, பிரொப்பல்லர் சாஃப்ட்ட வெட்டிக் கட்டையாக்கி பேலன்ஸ், சில கிட்டுக்கு ஹைட்ராலிக் கிளட்ச்சும் வேணும். நல்லா இருக்கற சேசிஸ அதுக்காக வெட்டறதுக்கு எனக்கு மனசு வராது. கிரவுன்னா பழசயே திருப்பிப் போட்டுக்கலாம்.

பொள்ளாச்சி அக்கா: தம்பி, யாராச்சும் 1098 சி.சி. வண்டியோட கியர் பாக்ஸ் தர்றேன்னாலும் யோசிச்சுக்கோ. 948 கிளட்ச் ஆறேகால் இன்ச், 1098 கிளட்ச் ஏழேகால். ஃபிளைவீல்ல இருந்து எல்லாம் செட்டா மாத்தோணும். பாக்ஸ் மட்டும் வந்தா பிரயோசனமில்ல.

நான்: சரிங்க. கிரவுன் மாத்தற வெவரம் சொல்லுங்கண்ணா.

காரமடை அண்ணன்: மொதல்ல ஆயில் ஊத்தற பிளக்கக் கழட்டிப் பாரு. அது சிக்கி நின்னா, அடி பிளக்கத் தொறந்து ஆயில உட்டுப்போட்டு முழிக்கோணும். அப்பறம் ரெண்டு டிரம்மும். டிரம்முக்கு ரெண்டு ஸ்க்ரூ, ஆக்சில் சாஃப்ட்டுக்கு ஒரு ஸ்க்ரூ. தல பிஞ்சுரும், சுத்தியல்ல தட்டித் திருப்பற இம்பாக்ட் டிரைவர் போடு. சாஃப்ட்ட ரெண்டு பக்கமும் ஒரு சாண் வெளிய இழுத்தாப் போதும். ஹப் நட்ட தொடவே வேண்டாம்.

காரமடை அண்ணன்: பிரொப்பல்லர் சாஃப்ட், கிரவுன் யூனிட் பிளாஞ்சு ரெண்டுலயும் பஞ்ச் அடையாளம் வெச்சு 4 போல்ட்ட கழட்டு. ஹவுசிங்க சுத்தி 8 நட்டு. யூனிட் முன்பக்கமா வரும், கனமா இருக்கும், ரெண்டு பேரு வேணும். புதுசு வாங்கறப்ப முழு யூனிட்டா வாங்கு. கிரவுனும் பினியனும் ஜோடி நம்பர் போட்டது, ஒரு கிரவுனுக்கு வேற பினியன் போட்டா சத்தம் நிக்காது. பினியன் நட்டயும் சும்மா முறுக்கிப் பாக்காத, அதுல பேரிங் செட்டிங் இருக்குது.

கோபி மாமா: பணம் குடுக்கறதுக்கு முன்னாடி பிளாஞ்சு ஓட்டைக்கு ஓட்டை அளவு போட்டோ கேளு. பல்லு மேல குழி, நீலம் பாஞ்ச கறை இருந்தா வேண்டாம்.

காரமடை அண்ணன்: ஆமாங்க. ஆக்சில் சாஃப்ட் பேக்கிங்கும் ஓ ரிங்கும் புதுசு போடு. அங்க கசிஞ்சா நேரா பிரேக் ஷூவுல எறங்கும். 90 நம்பர் கியர் ஆயில் 0.85 லிட்டர். கியர் பாக்ஸுக்கு அத ஊத்திராத, அதுக்கு 30 நம்பர் எஞ்சின் ஆயில் 1.3 லிட்டர்.

பொள்ளாச்சி அக்கா: ஸ்பீடோ கேபிள் பாக்ஸ்ல இருந்து வர்றதால 4.22 போட்டப்பறம் கொறச்சுக் காட்டும். முள்ளு 46 மைல்ல நின்னா நெசம் 50 மைல், 80 கி.மீ.

நான்: பெடலுக்கு ஹைட்ராலிக் போட்டா லேசாகுமுங்களா?

கோபி மாமா: வேண்டாம் மாப்ள. ராடும் லீவரும் ஒழுங்கா இருந்தா இந்தக் கிளட்ச் லேசாத்தான் இருக்கும். பெடல் கம்பிய நீட்டறதும் தப்பு. மிதிக்க லேசா இருக்கும், ஆனா கிளட்ச்ச விடுவிக்கற கார்பன் பேரிங் நகர்ற தூரம் கொறஞ்சுரும். கரகரப்பு அதிகமாகும்.

காரமடை அண்ணன்: பெடல் சாஃப்ட், அதுல இருந்து நடுவுல இருக்கற ரிலே சாஃப்ட், அங்கிருந்து கிளட்ச் ஃபோர்க்குக்கு ராடு. ஒவ்வொரு மூட்டுலயும் கொஞ்சூண்டு ஆட்டம்னாலும் எல்லாஞ் சேந்து பெடல்ல வீணாப் போகும். கீழ படுத்து, பெடல ஒருத்தர மெதுவா அமுக்கச் சொல்லி மூட்டுல இருக்கற பின்ன (இணைப்பு ஊசிய) பாரு. பின் மொதல்ல ஓட்டையில சாஞ்சு, அப்பறந்தான் ராடு நகருதுன்னா ஓட்டை முட்ட வடிவமாயிருச்சு. வெல்டு வெச்சு மறுபடி துளை போடு, பின் புதுசு. ரிலே சாஃப்ட் புஷ் நான் கன் மெட்டல்ல கடைஞ்சு தர்றேன், சாஃப்ட்டோட தேயாத பக்கத்த அளந்து அனுப்பு. தேஞ்ச எடத்த அளந்தா புஷ் உள்ள போகாது.

காரமடை அண்ணன்: எல்லாம் மாட்டுனப்பறம் லாக் நட்ட லூஸ் பண்ணி, பெடல்ல ஒன்றரை இன்ச் சும்மா போற மாதிரி வை. அதுக்குக் கொறச்சா கார்பன் பேரிங் எப்பவும் ஒரசிட்டே இருந்து தேஞ்சுரும். சிக்னல்ல பெடல மிதிச்சுட்டு நிக்காத, நியூட்ரல் போடு.

கோபி மாமா: சோதிக்கறது: ஐடில்ல பெடல முழுசா அமுக்கி அஞ்சு எண்ணி ரிவர்ஸ் போடு. சத்தமில்லாம விழோணும். கெளம்பறப்ப வண்டி உதறுனா பிளேட்ட கழட்டறதுக்கு முன்னாடி எஞ்சின் மவுண்டு ரப்பரப் பாரு.

நான்: எண்ணிட்டேனுங்க. 20-க்கு நாப்பத்தஞ்சரை.

காரமடை அண்ணன்: அப்ப 4.555-தான். ரிலே சாஃப்ட் அளவு அனுப்பு, ஞாயித்துக்கெழம புஷ் கடைஞ்சரலாம்.