ரெண்டே லைன் இருக்குற ஐஸ் ஹாக்கி டீம்: ஷிப்ட் எத்தனை செகண்ட் வைக்கணும்?

(நாலு பேர் எழுதிப் பேசிக்கிறது. ‘மூணாவது பீரியட்’, ‘நீலக்கோடு’, ‘பெஞ்ச் கதவு’, ‘சிவப்புக்கோடு’ எல்லாம் அவங்க வச்சுக்கிட்ட பேர்.)

மூணாவது பீரியட்:

பெரியவங்க பொழுதுபோக்கு லீக், உடம்போட மோதுறது கிடையாது. கோல் காக்குற கோலியைத் தவிர 10 பேர்: ஃபார்வர்ட் 6, டிஃபென்ஸ் 4. அதாவது மூணு ஃபார்வர்ட், ரெண்டு டிஃபென்ஸ்னு ரெண்டு லைன்; ஒண்ணு ஆடுறப்போ இன்னொண்ணு பெஞ்சுல. 15 நிமிஷ பீரியட் மூணு, விசில் அடிச்சாலும் கடிகாரம் நிக்காது. இப்போ ஒவ்வொரு ஷிப்டும் (ஒருத்தர் மாறாம ஐஸ்ல நிக்கிற நேரம்) ரெண்டு நிமிஷத்தைத் தொடுது, சில சமயம் தாண்டியும் போகுது. முதல் பீரியட் சமமாப் போகும். ரெண்டாவதுல நம்ம பக்கத்துலயே மாட்டிக்கிட்டு வெளிய வர முடியாது. மூணாவதுல கால் கல்லாயிடுச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க.

ஷிப்டை 45 செகண்டாக் குறைக்கலாம்னா பாதிப் பேர் ஒத்துக்கலை. “ரெண்டு நிமிஷம் ஆடி ரெண்டு நிமிஷம் உக்கார்றதும், 45 செகண்ட் ஆடி 45 செகண்ட் உக்கார்றதும் பாதிக்குப் பாதிதானே? மொத்தத்துல அதே நேரம்தான் ஆடுறோம், அடிக்கடி மாத்தினா குழப்பம்தான் மிச்சம்”ங்கிறாங்க. இந்தக் கணக்கு எங்க இடிக்குது? ரெண்டாவது பீரியட் மட்டும் ஏன் இவ்வளவு மோசம்?

நீலக்கோடு:

விகிதம் ஒண்ணுதான். ஆனா களைப்பு ஒரே சீரா ஏறாது, அங்கதான் இடிக்குது.

முழு வேகத்துல ஸ்கேட் பண்ணும்போது முதல் 10 செகண்ட் வாக்குல தசை தன்கிட்ட இருப்புல இருக்குற கிரியேட்டின் பாஸ்பேட்டைச் செலவழிக்குது. அதுக்கப்புறம் பெரும்பாலும் கிளைகோஜனை ஆக்சிஜன் இல்லாம உடைச்சுத்தான் வண்டி ஓடுது. இதுல சக்தி வேகமா வரும், கூடவே ஹைட்ரஜன் அயனியும் பாஸ்பேட்டும் தசைக்குள்ள தேங்கும். ஓடுறவரை விட ஸ்கேட் பண்றவருக்கு இது சீக்கிரம் வரும். முழங்காலை மடக்கி அரை உக்காந்த நிலையிலேயே இருக்கறதால தொடைத் தசை இறுகியே இருக்கு, இறுகின தசைக்குள்ள ரத்தம் தாராளமாப் பாயாது. கால் ‘எரியுது’ன்னு சொல்றது அந்த இடம்தான். நல்லா முட்டி ஆடினா 40, 45 செகண்டுலயே வந்துடும்.

இப்போ ஓய்வுக்கு வாங்க. கிரியேட்டின் பாஸ்பேட் சுமார் 30 செகண்டுக்கு ஒரு தடவை, குறையா இருக்குறதுல பாதியை நிரப்பிக்கும்னு வச்சுக்கலாம். 45 செகண்ட் உக்காந்தா 65 சதவீதம், 90 செகண்டுல 87, ரெண்டு நிமிஷத்துல 94. இதை மட்டும் பார்த்தா உங்க டீம்காரங்க பக்கம்தான் நியாயம். ஆனா அந்த 30 செகண்ட் கணக்கு, தசைக்குள்ள அமிலம் ஏறாத வரைக்கும்தான். ஏறிட்டா நிரம்புற வேகமே குறைஞ்சுடும். ஏறின அமிலம் வடியறதுக்கு ரெண்டு நிமிஷம் பத்தாது, பல நிமிஷம் ஆகும். அதனால 45 செகண்டுல இறங்கினவர் மூணுல ரெண்டு பங்கு நிரம்பின காலோட திரும்பப் போறார். ரெண்டு நிமிஷம் கழிச்சு இறங்கினவர் போன ஷிப்டோட பாக்கியையும் தூக்கிக்கிட்டுப் போறார். மூணாவது பீரியட்ல கல்லாகுற காலுக்கு முதல் பீரியட்லயே கடன் எழுதியாச்சு.

யாரும் கவனிக்காத இன்னொண்ணு: ரெண்டு நிமிஷம் நிக்கணும்னு தெரிஞ்சா யாரும் முதல் செகண்ட்ல இருந்தே முழுசா ஆட மாட்டாங்க. தன்னையறியாம அளந்து ஆடுவாங்க, சறுக்கிக்கிட்டே போவாங்க. ‘அதே நேரம்தான் ஆடுறோம்’னு சொல்றது கடிகாரத்துக்கு உண்மை, வேகத்துக்கு இல்லை.

ஒப்பிட்டுப் பார்க்க: வட அமெரிக்காவோட பெரிய தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்ல கோலி போக 18 பேர், அதாவது நாலு ஃபார்வர்ட் லைன், மூணு டிஃபென்ஸ் ஜோடி. சராசரி ஷிப்ட் 45 செகண்ட் பக்கம். முன்னணி ஃபார்வர்டே மேட்சுக்கு 20, 22 நிமிஷம்தான் ஆடுறார். அதுவும் நடுவுல ரெண்டு 18 நிமிஷ இடைவேளை, பீரியடுக்கு மூணு டிவி இடைவேளைன்னு ரெண்டரை மணி நேரத்துக்குப் பரவிக் கிடக்கு. உங்க 45 நிமிஷத்துல பாதி 22 நிமிஷம் 30 செகண்ட். உங்க டீம்ல ஒவ்வொருத்தருக்கும் நட்சத்திர ஆட்டக்காரர் அளவு ஐஸ் நேரம், ஒரு மணி நேரத்துக்குள்ள அடைச்சு! (விசில் நேரமும் இதுல சேரும், அந்த மட்டுக்கும் பிழைச்சீங்க.)

பெஞ்ச் கதவு:

ரெண்டாவது பீரியட்டுக்குக் காரணம் களைப்பு மட்டும் இல்லை. கதவு எங்க இருக்குது எண்டதும்தான்.

முதலாவதிலயும் மூண்டாவதிலயும் உங்கட பெஞ்ச் உங்கட கோல் இருக்கிற பாதிப் பக்கம். ரெண்டாவதில பக்கம் மாறும், பெஞ்ச் மாறாது. இப்ப டிஃபென்ஸ்காரர் கோல் வாசலில நிண்டு களைச்சால் சிவப்புக்கோட்டைத் தாண்டிப் போய்த்தான் பெஞ்சில இருக்க வேணும். 200 அடி ரிங்கில கோல் கோட்டில இருந்து நடுச் சிவப்புக்கோட்டுக்கே 89 அடி. எரியிற காலோட அந்தத் தூரம் போகேக்க எதிராளி ஒரு நீளப் பாஸ் குடுத்தால் முடிஞ்சுது. அதுக்குப் பயந்து போகாமல் நிண்டால் ஷிப்ட் ரெண்டரை நிமிசமாகும். ரெண்டு பக்கமும் அடிதான்.

ஆள் மாத்திறதைப் பழகாமல் ஷிப்டை மட்டும் குறைச்சால், உங்கட ஆக்கள் சொல்ற குழப்பம் உண்மையிலேயே வரும். நான் சொல்லிக்குடுக்கிற முறை இது.

பக்கை, அதாவது அந்த ரப்பர் வட்டை, நடுச் சிவப்புக்கோடு தாண்டின பிறகுதான் எதிராளியின்ர பக்கத்துக்குள்ள போடவேணும். தாண்ட முதல் போட்டால் ஐசிங் (எதிராளியின்ர கோல் கோட்டைத் தாண்ட அடிச்சு விடுற தப்பு), ஃபேஸ்ஆஃப் (ரெண்டு பேருக்கு நடுவில பக்கைப் போட்டு ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கிறது) திரும்ப உங்கட பக்கமே வரும். என்ஹெச்எல்லில 2005-06 தொடக்கம் ஐசிங் குடுத்த டீம் ஆள் மாத்தேலாது. 2017-18இல இருந்து அந்த நேரம் டைம்அவுட்டும் எடுக்கேலாது. களைச்ச அஞ்சு பேரும் அப்பிடியே நிக்க வேணும். உங்கட லீக்கில அந்த விதி இருக்குதோ எண்டு முதல் பாருங்கோ. இல்லையெண்டால் களைச்ச நேரம் ஐசிங் குடுக்கிறது கெட்ட யோசனை இல்லை.

போடேக்க பெஞ்சுக்கு எதிர்ப்பக்க மூலைக்குப் போடுங்கோ. கோலிக்கு நேர போட்டால் அவர் உடன திருப்பி விடுவார், நீங்கள் பாதி வழியில நிப்பீங்கள். மூலைக்குப் போனால் எடுத்துத் திரும்ப அவையளுக்குச் செக்கன்கள் பிடிக்கும். அதுதான் உங்கட மாத்திற நேரம்.

முன்னுக்கு ஓடின ஃபார்வர்ட் பக்கைத் துரத்தி அழுத்தம் குடுக்கட்டும். மற்ற ரெண்டு பேரும் இறங்கட்டும், புதுசா ஏறினவர் வந்து சேர்ந்தாப்பிறகு துரத்தினவர் இறங்கலாம். டிஃபென்ஸில பெஞ்சுக்குக் கிட்ட நிக்கிறவர் முதல். மற்றவர், மாற்றாள் தன்ர இடத்துக்கு வந்தாப்பிறகுதான். எதிராளி பக்கோட வரேக்க ஒருத்தரும் இறங்கக் கூடாது, எவ்வளவு களைச்சாலும்.

இறங்கிறவர் பெஞ்சில இருந்து 5 அடிக்குள்ள வந்திருக்க வேணும், பக்கில கை வைக்கக் கூடாது. அதுக்கு முதலே மாற்றாள் பாய்ஞ்சு ஆட்டத்தில கலந்தால் ஆள் கூடின பெனால்டி, 2 நிமிசம். ‘சென்டர்’, ‘இடது’ எண்டு வாய் திறந்து கத்திக்கொண்டு வரவேணும். பெஞ்சில இருக்கிறவருக்குத் தான் ஆருக்குப் பதில் எண்டு ஏறமுதலே தெரிஞ்சிருக்க வேணும். பலகைக்கு மேலால பாயத் தெரிஞ்சவை பாயட்டும், வாறவருக்குக் கதவை விட்டுக்குடுங்கோ. ஒரே கதவால போறதும் வாறதும் எண்டால் 5 செக்கன் அதிலயே போகும். கோலுக்குக் கிட்டின கதவு டிஃபென்ஸுக்கு, மற்றது ஃபார்வர்டுக்கு. ரெண்டாவது பீரியட்டில இது தலைகீழ், ஆக்களும் பெஞ்சில இடம் மாறி இருக்க வேணும். கன டீம் இதை மறந்துபோடும்.

மூணாவது பீரியட்:

கதவு விஷயம் எங்க யாருக்கும் தோணவே இல்லை, நன்றி அண்ணை. இறங்க மாட்டேங்கிறவங்க கேக்குற அடுத்த கேள்வி: என்ஹெச்எல் நட்சத்திரம் ஒவெச்கின் பவர் பிளேல (பெனால்டியால எதிரணிக்கு ஒரு ஆள் குறையுற நேரம்) கிட்டத்தட்ட ரெண்டு நிமிஷமும் நிக்கிறாரே, அவருக்குக் கால் எரியாதா?

சிவப்புக்கோடு:

அவர் நிற்கிறார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்! இடது வட்டத்தில் நின்று பாஸுக்குக் காத்திருப்பதுதான் அங்கே அவர் வேலை. பவர் பிளேயில் பக் நம்மிடம் இருக்கிறது, ஓட வேண்டியவர்கள் எதிரணியின் நான்கு பேர். அந்த நான்கு பேரைப் பாருங்கள், 30, 40 செகண்டில் பக்கைத் தூர அடித்துவிட்டு மாறிக்கொள்கிறார்கள். ஆள் குறைவாக ஆடும்போது ஐசிங் கிடையாது என்பதால் அது முடிகிறது. ஒரே ஆட்டத்தில், ஒரே நேரத்தில், ஒரு பக்கம் 90 செகண்டும் மறுபக்கம் 30 செகண்டும் சரியாக இருக்கின்றன.

ஆகவே 45 என்பதை மந்திரமாக்கிவிடாதீர்கள். உங்கள் லீகில் கடிகாரம் நிற்பதில்லை. 60 செகண்ட் ஷிப்டுக்குள் 20 செகண்ட் ஃபேஸ்ஆஃபுக்குக் காத்திருந்தால் உண்மையான உழைப்பு 40தான், அவரை இறக்க வேண்டியதில்லை. மாறாக 30 செகண்ட் முழுக்க நம் கோல் முன்னால் முட்டி மோதியவர் உடனே இறங்க வேண்டும். 2020 ஆகஸ்ட் 11 அன்று என்ஹெச்எல்லில் கொலம்பஸுக்கும் டாம்பாவுக்கும் ஐந்து ஓவர்டைம் போன ஆட்டத்தில் கொலம்பஸின் டிஃபென்ஸ்காரர் சேத் ஜோன்ஸ் 65 நிமிடம் 6 செகண்ட் ஐஸில் இருந்தார். வழக்கமான ஆட்டமே 60 நிமிடம்தான்! டிஃபென்ஸில் நின்று, ஓட வேண்டிய இடத்தில் மட்டும் ஓடுகிறவருக்குத்தான் அது சாத்தியம். பக்கைத் துரத்துகிற ஃபார்வர்டுக்கு அல்ல.

செகண்டை விட அடையாளங்களைப் பாருங்கள். முதலில் முழங்கால் நிமிரும். பிறகு திரும்ப வேண்டிய இடத்தில் ஸ்கேட்டின் கத்தியை அழுத்தி நின்று கிளம்பாமல் பெரிய வளைவாகச் சுற்றி வருவார். ஸ்டிக் ஒரு கைக்கு மாறும். கடைசியில், கால் போகாத இடத்துக்கு ஸ்டிக்கை நீட்டுவார். ஹூக்கிங் (ஸ்டிக்கால் கொக்கி போட்டு இழுப்பது), டிரிப்பிங் (தட்டி விழவைப்பது) பெனால்டிகள் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. வளைவு போடத் தொடங்கியவரை அடுத்த வாய்ப்பில் இறக்கிவிடுங்கள். ஸ்டிக் நீளும்வரை காத்திருந்தால் பெனால்டி பெட்டியில்தான் ஓய்வெடுப்பார்.

பெஞ்சில் ஒருவர் போனில் நேரம் பார்த்து 35ஆவது செகண்டில் ‘தயார்’ என்று கத்தினால் போதும். அந்தக் குரல் கேட்டதும் பக்கோடு புது முயற்சி தொடங்கக் கூடாது, உள்ளே போடுகிற வழியைப் பார்க்க வேண்டும்.

நீலக்கோடு:

சிவப்புக்கோடு சொன்னதோட ஒத்துப்போறேன், ஒண்ணு மட்டும் சேர்க்கணும். ஹார்ட் ரேட் பட்டை கட்டிக்கிட்டு எண்ணைப் பார்த்து இறங்கலாம்னு யாராவது சொல்வாங்க. வேண்டாம். இதயத்துடிப்பு வேலைக்குப் பின்னாடியே வரும், உச்சத்தைக் காட்டுறப்போ நீங்க ஏற்கனவே பெஞ்சுல இருப்பீங்க.

பயிற்சிக்கு: நீளமான ஷிப்ட் ஆடிப் பழகினா தாங்கும்னு நினைக்காதீங்க, மெதுவா ஸ்கேட் பண்ணத்தான் பழகும். 40 செகண்ட் முழு வேகம், 80 முதல் 120 செகண்ட் ஓய்வு, 6 தடவை. நடுவுல நின்னு திரும்புறது கட்டாயம் இருக்கணும். வேகம் கண்ணுக்குத் தெரிய விழுந்துட்டா அன்னிக்கு அதோட நிறுத்திடுங்க. ஐஸுக்கு வெளிய வாரம் ரெண்டு நாள் 30, 40 நிமிஷம் சைக்கிள், பேச முடியற வேகத்துல. பெஞ்சுல நடக்குற மீட்பு முழுக்க ஆக்சிஜனை நம்பித்தான், அந்தத் திறன் இதுலதான் வளரும்.

குளிர்தானேன்னு தண்ணியை மறந்துடாதீங்க. அந்தக் கவசத்துக்குள்ள மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல வியர்க்கும். ஷிப்டுக்கு ஷிப்ட் ரெண்டு மடக்கு போதும், மொத்தமா அரை பாட்டில் குடிச்சா வயித்துல குலுங்கும்.

மூணாவது பீரியட்:

கடைசியா ஒண்ணு. டிஃபென்ஸ்காரங்க அதிகம் ஓடறதில்லைன்னா 7 ஃபார்வர்ட், 3 டிஃபென்ஸ்னு பிரிக்கலாமான்னு ஒருத்தர் கேட்டார். ஃபார்வர்டுக்கு ஆடுற நேரம் 50 சதவீதத்துல இருந்து 43ஆக் குறையுமே?

பெஞ்ச் கதவு:

குறையும், ஆனா டிஃபென்ஸுக்கு 67 ஆகும். 3 பேர் 2 இடத்தில சுத்தேக்க ஒரு நேரத்தில ஒருத்தர்தான் மாறுவார். 40 செக்கனுக்கு ஒருக்கா மாத்தினால் ஒவ்வொருத்தரும் 80 செக்கன் நிண்டு 40 செக்கன் இருப்பினம். 40 செக்கன்தான் நிக்க வேணும் எண்டால் 20 செக்கனுக்கு ஒருக்கா மாத்த வேணும், அப்ப இருக்கிறது 20 செக்கன்தான். பக் அதுக்கு விடாது. ரெண்டாவது பீரியட்டில கதவும் தூரம் எண்டதை நினைச்சுப் பாருங்கோ. 6-4ஐ மாத்தாதேங்கோ. ஒருத்தர் வராத நாள் வந்தால் 5 ஃபார்வர்ட், 4 டிஃபென்ஸ் எண்டு ஆடுங்கோ. ஃபார்வர்ட் பக்கம் ஆள் ஆளாக மாறுறது லேசு, கதவு எப்பவும் கிட்டத்தான் வரும்.